நடைதூரம்

வலிப்பு வந்த மறுவாரம்
பென்சில்வேனியா மாநிலம் என் ஓட்டுநர் உரிமத்தைக்
கடிதம் போட்டு வாங்கிக்கொண்டது.
ஆறு மாதம், என்றது.
ஐந்தாம் மாதம் வலிப்பு மீண்டும் வந்தது.
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

அதனால் வீடு பார்க்கக் கிளம்பியபோது
எம்மெட் படுக்கையறைகளை எண்ணினான்,
ஜூனி மரங்களை.
நான் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினேன்.

தரகர் திருமதி பெத்ராக்கோ முதலில் காட்டியது
நான்கு அறை, இரண்டு கார் நிற்கும் கொட்டகை,
மான் வந்து மேயும் புல்வெளி.
வாசலிலிருந்து நடந்தேன்.
மூன்றாவது தபால் பெட்டியருகே
சொல்ல வந்ததை மறந்தவன்போல்
நடைபாதை நின்றுவிட்டது.
அப்புறம் சரளை, பள்ளம்,
என்னைப் பார்த்ததும் வேகம் குறைத்து
“உதவி வேண்டுமா?” என்ற லாரிக்காரர்.
நடப்பதே அங்கே ஒரு விபத்து மாதிரி.

இரண்டாவது வீட்டை வரைபடம் புகழ்ந்தது:
நூற்றுக்கு எண்பத்தாறு. மளிகைக்கு ஒன்பது நிமிடம்.
பிட்ஸ்பர்க்கில் ஒரு வேடிக்கை உண்டு,
தெரு என்று பலகை சொல்லும்,
திரும்பினால் படிக்கட்டு.
நூற்று முப்பத்தேழு படி, துருப்பிடித்த கைப்பிடி,
நடுவில் இரண்டு படிகளைக் காணோம்.
ஒரு கேலன் பாலோடு ஏறினேன்.
எழுபதாவதில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தேன்.
அழகுதான்.
எம்மெட் ஒன்றும் சொல்லவில்லை,
இறங்கி வந்து பாலை வாங்கிக்கொண்டான்.

மூன்றாவதைக் காட்ட அவருக்கே விருப்பமில்லை.
இரண்டே அறை. பக்கத்தில் சலவைக்கடை.
சுவரோடு ஒட்டிய பேருந்து நிறுத்தம்;
வண்டி நிற்கும்போதெல்லாம் சமையலறை டம்ளர்கள்
தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொள்ளும்.
நிலவறையில் ஈரம்.
எம்மெட்டின் டிரம்ஸ் எங்கேயும் நுழையாது,
டேப்பை இழுத்து மூன்று முறை அளந்தான்,
சுவர் மனம் மாறிவிடும் என்பதுபோல்.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் திரும்பி வந்தேன்.
காலை ஏழு நாற்பது. பனியா மழையா என்று
தீர்மானிக்காத ஏதோ ஒன்று பெய்தது.
மருந்துக்கடை இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
பள்ளிக்கு இரண்டு சிக்னல்;
இரண்டாவதில் ஆரஞ்சு அங்கிப் பெண்
விசிலைக் கடித்தபடி
பிள்ளைகளோடு ஒரு தனி நாயையும் சாலை தாண்ட வைத்தாள்.
நூலகம் திங்களும் வெள்ளியும் மூடல். குறித்துக்கொண்டேன்.

உண்மையில் நான் அளந்தது தூரத்தை அல்ல.
இருபது அடிக்கொரு முறை நின்று கேட்டேன்:
இங்கே விழுந்தால்
யார் கண்ணில் படுவேன்?
காசாளர் மேசை ஜன்னலைப் பார்த்திருக்கிறதா?
அந்த மாடியில் எப்போதும் திரை மூடித்தானா?
வங்கியின் நீளச் சுவர்,
நாற்பது அடிக்கு ஒரு முகம் இல்லை.
அங்கே மட்டும் வேகமாக நடக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.
முடிதிருத்துபவர். ஒரு கையில் கத்தரிக்கோல்,
மேலங்கி முழுக்க இன்னொருவரின் நரைமுடி,
மறு கையில் என் இடது கையுறை.
கடைக்குள் பாதி வெட்டிய தலையோடு ஒருவர்
கண்ணாடி வழியே கையசைத்தார்.
“அவர்தான் பார்த்தார். வங்கிச் சுவர்கிட்ட விழுந்ததாம்.”
வங்கிச் சுவர்.

அன்று மாலை, கேட்ட விலைக்கு மேல்
ஒன்பதாயிரம் கூட்டி எழுதினோம்.
திருமதி பெத்ராக்கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
அந்த வீட்டுக்கா?
எம்மெட் என்னைப் பார்த்தான்.
நான் கையுறையைப் பற்றிச் சொல்லவில்லை.

டிரம்ஸ் அவன் தம்பியிடம் போய்விட்டது,
ஒரே ஒரு பித்தளைத் தட்டைத் தவிர.
அது அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது,
பேருந்து வந்து நிற்கும்போது
மெல்லச் சிணுங்குகிறது.