குலுங்காத பாட்டில்

காலி பாட்டில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்,
பீர் எது, பிராந்தி எது.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
முனிரத்தினம்மா கடை என்று கேட்டால்
ஆட்டோக்காரன் வாசலிலேயே இறக்கிவிடுவான்.

பெங்களூரிலிருந்து வந்த ஹேமந்த் ஷெட்டி
கேட்டது காலி இல்லை.
பச்சைக் கண்ணாடி, முக்கால் லிட்டர்,
வாயில் சிவப்பு அரக்கு,
ஐம்பத்தெட்டில் அடைத்தது.
வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர்
அஞ்செட்டி மலைப் பச்சிலை முப்பத்தொன்று போட்டு
இறக்கிய சாராயமாம்.
சாராயம் என்று நான் சொன்னதும் முகம் சுளித்தான்.
"லிக்யூர்" என்றான்,
வாயில் கற்கண்டு ஒதுக்கியதுபோல.
நாற்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னான்.
என் தொழிலில் ஒரு பாட்டில்
ஐம்பது பைசாவில் ஆரம்பித்து
மூன்று ரூபாயில் முடிந்துவிடும்.

முதலில் மத்திகிரி.
சிஸ்டர்களின் ஸ்டோர் ரூமில் நார்த்தங்காய் ஊறுகாய்,
உடைந்த மெழுகுவர்த்திகள், ஒரு புறா.
தேன்கனிக்கோட்டையில் ஏலத்துக்கு பீரோ எடுத்தவர்
பெருமையாகத் திறந்து காட்டினார்.
உள்ளே ரேஷன் துவரம்பருப்பு.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக் கணக்கர்
அதைக் குடித்திருப்பதாகவே சொன்னார்.
எப்படி இருந்தது?
"முதல்ல இனிப்பு. அப்புறம் வசம்பு.
அப்புறம், யாரோ கதவைத் திறந்த மாதிரி."
எந்த வருஷம் என்று விசாரித்தேன்.
கணக்குப் போட்டால்
அவர் பிறப்பதற்கு நாலு வருஷம் முந்தி.

விட்டுவிடலாம் என்றிருந்தேன்.
அஞ்செட்டி பஸ்ஸில்
காலடியில் மாகாளிக்கிழங்கு மூட்டை,
வண்டி முழுக்க மூட்டைப்பூச்சி வாசம்.
மூட்டைக்காரர் சொன்னார்:
சாமியாருக்குக் கிழங்கு சுமந்தது எங்க மாமன்.
எடை போட்டு வாங்கினது
எலத்தகிரி கம்பவுண்டர் சவேரிராஜ்.
அப்போ மதுவிலக்கு இல்லையா,
மருந்துன்னு லேபிள் எழுதி ஒட்டினதும் அவர்தான்.

எலத்தகிரியில் அவர் மகள் மதலேன்,
போஸ்ட் ஆபீசில் ரிட்டயர் ஆனவள்,
கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாள்.
பாட்டிலுக்கு மங்கி குல்லா போட்டிருந்தாள்.
அரக்கு அப்படியே இருந்தது.
ஆறாயிரத்தில் பேரம் முடிந்தது.
நோட்டை இரண்டு தரம் எண்ணினாள்,
பிறகு லேபிளைத் தடவினாள்.
"அப்பா எழுத்து வேற எதுலயும் இல்ல,
எல்லாம் கரையான் தின்னுடுச்சு.
இது மட்டும் தனியா வருமா?"

வரும் என்றேன்.
இருபத்திரண்டு வருஷம் அதைத்தானே செய்கிறேன்.
தண்ணீரில் போட்டால் மசி கரையும்.
இட்லிச் சட்டி ஆவியில்
கழுத்துப் பக்கம் சூடு படாமல் பிடித்து
பிளேடு முனையால் ஓரம் கிளப்பி
ஒரு கிழிசல் இல்லாமல் உரித்துத் தந்தேன்.
மஞ்சள் காகிதத்தில் சாய்ந்த எழுத்து:
வயிற்று வலிக்கு. இரண்டு கரண்டி.
சாப்பிட்ட பின்.

எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.
லேபிள் இல்லாத பாட்டிலுக்கு நானே
பத்துப் பைசா கூடத்தான் கொடுப்பேன்,
கழுவுகிற வேலை மிச்சம்.

திரும்பும்போது பஸ் குழியில் விழுந்து எழுந்தது.
மடியில் சத்தமே இல்லை.
கையில் பாட்டில் இருந்தும்
கலகலக்காமல் ஊர் வந்தது
அன்றைக்குத்தான்.

ஹேமந்த் வெயிலில் தூக்கிப் பிடித்தான்.
பச்சை அவன் கன்னத்தில் ஆடியது.
திருப்பினான். மறுபடி திருப்பினான்.
லேபிள் எங்கே?
எடுத்துட்டேன் சார்,
கோந்து பிசுக்குகூட இல்லை, தொட்டுப் பாருங்க.

தொடவில்லை.
அது இல்லையென்றால் இது என்னவென்று
யாருக்கு எப்படிச் சொல்வது என்றான்.
எனக்கும் தெரியவில்லை.
எலத்தகிரி என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்தது.
கார் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு
விழுங்கினேன்.

இப்போது அது கடையில்தான்,
மேல் பலகையில், சாக்குக்குப் பின்னால்.
ராத்திரி பைபாஸில் கிரானைட் லாரி போனால்
ஆயிரம் காலி பாட்டிலும் நடுங்கிச் சிணுங்கும்.
அது மட்டும் வாயைத் திறக்காது.

இரண்டு கரண்டி, சாப்பிட்ட பின்.
சாப்பிட்டாகிவிட்டது.
கரண்டியும் கழுவி வைத்திருக்கிறேன்.
வயிறுதான்
இன்னும் வலிக்க மாட்டேன் என்கிறது.