எவ்வளவு இருட்டு

குரு தேக் பகதூர் நகரில் ஏறியதும்
ஜன்னலோரம் கிடைத்தது. அதிசயம்தான்.
பையை மேசையாக்கி, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
நாற்பத்திரண்டு விடைத்தாள், எட்டாம் வகுப்பு, உயிரியல்.

மூன்றாவது கேள்வி:
தொட்டிச் செடியை மூன்று நாள் இருட்டறையில் வைத்தால்
என்ன நிகழும்? காரணம் தருக.
சிந்திக்க வைக்கும் கேள்விகள்
இருபது சதவீதம் வேண்டுமென்று சுற்றறிக்கை.
நானும் பழைய கேள்விக்குக்
"காரணம் தருக" என்று வால் ஒட்டியிருந்தேன்.

செம்பூர் வருவதற்குள் பதினேழு தாள்.
பதினேழிலும் ஒரே விடை.
கரும்பலகையில் அவசரமாய் எழுதியபோது
ஒளிச்சேர்க்கையில் நான் விட்ட ஒற்றைக்கூட
பதினேழு பேரும் பத்திரமாய் விட்டிருந்தார்கள்.
டிக். டிக். டிக்.
பக்கத்தில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்து, எல்லாம் பாஸா என்றாள்.

பதினெட்டாவது, முப்பிடாதி.

"டீச்சர், எங்கள் வீட்டுக்கு ஜன்னல் இல்லை.
காலை ஐந்து முதல் ராத்திரி பதினொன்று வரை டியூப்லைட்.
அதன் கீழே பாட்டிலில் மணிபிளான்ட்,
இரண்டு வருஷமாய் இருக்கிறது.
மழையில் மூன்று நாள் கரண்ட் போனபோதும் இருந்தது.
ஒரு இலையைக் கிள்ளி
அப்பா கைப்புண்ணுக்குப் போடும் அயோடினைத் தடவினேன்.
ஒன்றும் தெரியவில்லை.
பச்சை மறைத்திருக்கலாம்.
நான் செய்தது தப்பாகவும் இருக்கலாம்.
அறையில் எவ்வளவு இருட்டு என்று கேள்வியில் இல்லை.
தண்ணீர் ஊற்றினார்களா என்றும் இல்லை.
வெளியே இன்னொரு தொட்டி வைத்தார்களா?
வைக்காவிட்டால், இலை வெளிறியது
இருட்டாலா தாகத்தாலா?"

அதற்கப்புறம் நேரம் போதவில்லை போல.
நான்காவது, ஐந்தாவது, வெறும் எண்கள்.

விடைக்குறிப்பைப் பிரித்தேன்.
மூன்று வரி, வரிக்கு ஒரு மதிப்பெண்.
ஒரு வரியும் அவளிடம் இல்லை.
பூஜ்யத்துக்காக இறங்கிய பேனா
தாளுக்கு நூலிடை மேலே நின்றுகொண்டது.

பத்தொன்பது வருஷமாய் இந்தச் சோதனையை நடத்துகிறேன்.
நடத்துகிறேன் என்றால்
படம் வரைவேன், பாகம் குறிப்பேன்,
முக்கியம் என்று அடிக்கோடு இழுப்பேன்.
ஆய்வகத்தில் அரிசி மூட்டைகள்.
ஒரு செடியையும் எந்த இருட்டிலும்
நான் வைத்ததில்லை.

தலை நிமிர்ந்தபோது மான்குர்ட் போயிருந்தது.
வண்டி கழிமுகப் பாலத்தின் மேல் ஓடியது.
கீழே தண்ணீர் கறுப்பு என்றுதான் நினைத்தேன்.
கறுப்பில்லை. தூரத்துக் கட்டடங்களின் வெளிச்சம்
அதன்மேல் எண்ணெய்போல் கிடந்தது.
வாஷியில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பினேன்.

ராத்திரி, குளியலறையில் ஒரு துளசித் தொட்டி.
பால்கனியில் இன்னொன்று.
இரண்டுக்கும் அளந்து அரை டம்ளர்.
மூன்று நாள் எங்கே குளிப்பது என்றார் கணவர்.
பக்கத்து வீட்டில் என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு
நானும் உள்ளே நின்று பார்த்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
கொஞ்சம் பொறுத்து வாளி தெரிந்தது.
அப்புறம் குழாயின் மூக்கு.
கதவடியில் துண்டைத் திணித்தேன்,
சாவித்துவாரத்தில் பஞ்சு.
இன்னும் பொறுத்து,
இலைகளை எண்ண முடிந்தது.

அவள் தாளில் மூன்றுக்கு எதிரே
கட்டம் காலியாகவே இருக்கிறது.
திங்கட்கிழமை மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள்.