முன்னும் பின்னும் பார்த்து

வெள்ளம் வடிந்து பதினோராம் நாள்
இஃப்ராஸ் என் மேசைக்கு வந்தார்.
"இழப்பீடு கேட்டு மூன்று மொழியிலும்
நாலாயிரத்துச் சொச்சம் குறுஞ்செய்தி.
தலைமையகத்துப் பழைய பிரிண்டர்
இமோஜியைக் கண்டால் பெட்டி பெட்டியாய்த் துப்புது.
துடைச்சுத் தாரும். ஒரு வரி ரெஜெக்ஸ்தானே."

ஒரு வரிதான்.
யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி,
யன்னலுக்குக் கீழே பேர வாவி
பச்சையாய்ப் புளித்துக் கிடக்க
எழுதினேன்:
இமோஜி எனும் இனத்தில் எது வந்தாலும்
ஒன்றுமில்லாததால் மாற்று.

மாற்றியது.
வெல்லம்பிட்டி சித்தி பரீனாவின்
வீட்டுக்கு இலக்கம் இல்லை.
'ஊட்டுல      பேர்,      அடி தண்ணி,
     மாசப் புள்ள ஒண்டு.'
தொலைபேசி எண் இருந்த இடத்தில் வெறும் வெளி.
பூச்சியம் முதல் ஒன்பது வரை
எண்களையும் அந்த இனத்துக்குள்
எவனோ பதிந்து வைத்திருக்கிறான்.
சிரித்த முகம் பிடிக்க வீசிய வலையில்
முதலில் செத்தது கணக்கு.

வலையைச் சுருக்கினேன். படங்களை மட்டும்.
கட்டைவிரல் போனது, அதன் நிறம் தங்கிவிட்டது:
வசனத்தின் கடைசியில் ஒரு மண்ணிறச் சதுரம்
யாருடைய தோல் என்று தெரியாமல்.
அதையும் சேர்த்தேன்.
தகப்பன் தாய் மகள்
ஒரே படமாய் நின்ற குடும்பம்
உண்மையில் மூன்று தனிப் படங்களாம்,
இடையிடையே கண்ணுக்குத் தெரியாத ஒட்டு.
ஆட்கள் போன பிறகும் ஒட்டு கிடந்தது.
அகலம் பூச்சியம்.
சரி, எங்கே கண்டாலும் வெட்டு என்றேன்.

பத்து நிமிடத்தில் துலஞ்சலி
கதிரையோடு உருண்டு வந்தாள்.
"எங்கட ஸ்ரீயை ஏன் உடைச்சனீ?"
சிங்களத்தில்தான் கேட்டாள்.
அவளுடைய மொழியில் அந்த எழுத்தைக்
கட்டிப் பிடித்திருப்பதும் இதே ஒட்டுத்தானாம்.
நாட்டின் பெயருக்கு முன்னால்
ஶகரம் வேறாய் ரீகாரம் வேறாய்
கைவிட்டு நின்றன.
இந்த ஊரில், என் பெயருள்ள ஒருத்தி
அந்த எழுத்தில் கை வைத்தது தவறுதலாய் என்று
யாருக்கு விளங்கப்படுத்துவது?
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்க ஒரு கணம் பிந்தியது.

என் மொழிக்கும் இதே கதிதான்.
ரெஜெக்ஸில் புள்ளி என்றால் எந்த எழுத்தும் வரலாம்.
தமிழில் புள்ளி வைத்தால் உயிர் போயிற்று.
கொழும்பு எனக்கு நாலெழுத்து,
இயந்திரத்துக்கு எட்டு.
கொம்பைத் தனியே, காலைத் தனியே,
கடைசி உகரத்தின் வளைவைத் தனியே எண்ணுகிற ஒன்றிடம்
முகம் எது எழுத்து எது என்று
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எழுதியது இது:
ஒட்டுக்கு முன்னால் படம், பின்னால் படம்
இருந்தால் மட்டும் தொடு.
காலி வீதியைக் கடப்பது போல,
ஒருவழி என்று பலகை சொன்னாலும்
இரண்டு பக்கமும் பார்த்துக் கால் வை.
ஸ்ரீ சேர்ந்தது. இலக்கங்கள் வீடு திரும்பின.
ஐந்தே கால். சோதனை எல்லாம் பச்சை.

சும்மா ஒன்றைத் திறந்தேன்.
பரீனாவின் இரண்டாம் செய்தி.
முன்பு:
'எல்லாம் ஹைர். அவசரமில்ல, ஆறுதலா வாங்க'
பக்கத்தில் தலைகீழாய்ச் சிரிக்கும் முகம்,
இடிந்த வீடு,
அழுகை, அழுகை, அழுகை.
இப்போது:
'எல்லாம் ஹைர். அவசரமில்ல, ஆறுதலா வாங்க'
பிரிண்டர் சந்தோஷப்படும்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.
இதைப் படிப்பவர்
இவளைக் கட்டின் அடியில் வைப்பார்.

சோதனைக் கோப்பில் ஒரு வரி கூட்டினேன்:
இந்தச் செய்தி எப்படி உள்ளே போனதோ
அப்படியே வெளியே வரவேண்டும்.
ஓட்டினேன். சிவப்பு.
சிவப்போடு ஏற்றிவிட்டு
கொம்பனித்தெருவில் ஐந்து ஐம்பது ரயிலுக்கு ஓடினேன்.

நாளைக்கு இஃப்ராஸ் கேட்பார்,
எது உடைந்திருக்கிறது என்று.