பல்லி விழும் பலன்

கொடுங்கையூர். மூன்றாவது மாடி. கத்திரியின் ஒன்பதாம் நாள்.
"ஃபேன் சுத்துது, குளிரே இல்ல" என்றார் தமயந்தி மேடம்.
நைட் டியூட்டி முடிந்து வந்தவர்,
கண்ணில் இன்னும் வார்டு வெளிச்சம்.

ஃபில்டரைக் கழற்றினேன். ரோடு தோண்டிய மண்
கம்பளியாய்ப் படிந்திருந்தது. கழுவி மாட்டினேன்.
அப்போதும் வெறும் காற்று.

"கேஸ் தீர்ந்துடுச்சுன்னு போன ஆள் சொன்னாரே?"
எல்லா ஆளும் முதலில் அதைத்தான் சொல்வோம்.

மெயினை அணைத்து, ஒரு காலை சன்ஷேடில் ஊன்றி
வெளி யூனிட்டைத் திறந்தால்
தலை வீங்கிய கெப்பாசிட்டர்,
அதன் முனைகளுக்குக் குறுக்கே
அப்பளமாய் ஒரு பல்லி.

தலையில் விழுந்தால் கலகம், தோளில் விழுந்தால் வெற்றி,
காலண்டர் பின்பக்கம் அட்டவணையே உண்டு.
கெப்பாசிட்டரில் விழுந்தால்?
"எண்ணூற்று ஐம்பது, மேடம். கூலி தனி."
அவர் சிரிக்கவில்லை.
பல்லியையே பார்த்தார், கேஸ் ஷீட்டைப் படிப்பதுபோல்.
"உடனே போயிருக்கும்" என்றார்.

புதியதை மாட்டி மெயினைப் போட்டேன்.
கம்ப்ரசர் ஒருமுறை தொண்டையைச் செருமியது.
குளிர்கிறதா என்று நான் கையை நீட்டுவதற்குள்
நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

பில்லோடு நிற்கிறேன்.
எழுப்பலாமா என்று யோசித்துப் பத்து நிமிடம்.
கீழ்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு கத்தல்:
"யாருய்யா அது, வத்தல் மேல தண்ணி விடறது?"