பயனர் 0417

பாடாங் செராய், கையுறை ஆலை,
இரவு பத்தே முக்கால்.
செம்பனை லாரி கவிழ்ந்து சாலையெல்லாம் குலை
என்கிறது வாட்சப்.
நான் சோதனைத் தாள் எழுபத்து மூன்றில் இருக்கிறேன்.

தவறான கடவுச்சொல்லை மூன்று முறை இடுக.
எதிர்பார்ப்பது: கணினி மறுக்கும்.
மறுத்தது.
கையெழுத்து, தேதி, நீல மை.
கறுப்பில் போட்டால் அசலா நகலா என்று
தணிக்கைக்கு வருபவர் விளக்கடியில் தூக்கிப் பார்ப்பார்.

என் வேலை, இயந்திரத்தை நம்பாமல் இருப்பது;
நம்பாததற்குச் சான்று சேர்ப்பது.
வாங்கியபோது, மாற்றியபோது,
ஒன்றும் செய்யாமல் கிடந்தாலும் ஆண்டுக்கொரு தடவை.
பெண் பார்க்கப் போன வீட்டில்
"கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்றார்கள்.
ஆமாம் என்று தே-ஓவைக் குடித்தேன்.

எழுபத்து நான்கு: தடப்பதிவைப் படி.
யார், எப்போது, எதை, ஏன்.
நீர்ச்சோதனை, ஓட்டையில்லை, ஏற்பு: 0417.
ஏற்பு: 0417.
ஏற்பு: 0417, மார்ச் ஒன்பது, அதிகாலை மூன்று நாற்பது.

0417 புஷ்பவேணி.
மார்ச் ஆறில், லூனாஸ் சுடுகாட்டில்,
நானும் ஒரு பிடி வாய்க்கரிசி போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்றும் வந்திருக்கிறாள்.
ஓவர்டைம் கூட.
நாற்பத்தொரு தொகுதி. எதையும் அவள் தள்ளவில்லை.

ஷஃபிகுல் விசைப்பலகையைத் திருப்பிக் காட்டினான்.
மஞ்சள் துண்டில் அவள் எழுத்து:
மகள் பேர், பிறந்த வருடம்.
"அக்கா கொடுத்தது. எனக்கென்று கேட்டு ஐந்து மாசம் ஆச்சு, போஸ்.
லைன் நிக்காதே."
தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயா?
"எல்லாம்."
கையை நீட்டினான்.
விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.
அது சான்றாகாது.
அதில் நேரமுத்திரை இல்லை.

மிஸ்டர் ஊய் தொலைபேசியில்:
"ஆறாம் தேதி போட்டு மூடிவிடேன்."
பின்தேதியைக் கணினி ஏற்காது சார்,
முப்பத்தொன்றாம் தாளில் சோதித்திருக்கிறேன்.
அவர் மூச்சு விடுவது கேட்டது.

விலகல் அறிக்கை. மூல காரணம் என்ற கட்டத்தில்
'ஐந்து மாதம்' என்று எழுதி,
அடிக்காமல் விட்டேன்.

பிறகு 0417ஐ முடக்கப் போனேன்.
காரணம் தேர்க என்றது:
பணிவிலகல். இடமாற்றம். ஓய்வு. மற்றவை.
மற்றவை.
குறைந்தது பத்தெழுத்து எழுதச் சொல்லிக் கட்டம் சிவந்தது.
அதைச் சரி என்று ஒப்பியவன் நான்தான்,
போன வருடம், நீல மையில்.