காரணம் என்ற கட்டம்

கீழக்கரையில், கடலிலிருந்து மூன்றாவது வீடு.
பவளக்கல் சுவர். சுண்ணாம்புப் பூச்சு.
சுவரடியில் ஜிப்சம் குழைத்து
அதிர்வுமானியை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன செய்யும்?"
"அளக்கும்."
"நிறுத்துமா?"
"மூன்றைத் தாண்டினால் நிறுத்தச் சொல்வேன்."
ஜொகரா நாச்சியா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

புதுப் படகுத்துறைக்கு அறுபத்திரண்டு பைல்கள்.
சுத்தியல் விழுகிற ஒவ்வொரு முறையும்
முதலில் கிணற்றுத் தண்ணீர் சுருங்கும்,
அப்புறம் அடுக்கில் சில்வர் தம்ளர்கள்,
அப்புறம்தான் நான், திரையில்:
ஒன்று புள்ளி எட்டு
இரண்டு புள்ளி நான்கு
இரண்டு புள்ளி ஒன்பது.
இரண்டு புள்ளி ஒன்பதுக்கு
எங்கள் தொழிலில் 'பாதிப்பில்லை' என்று பெயர்.

படுக்கையறை விரிசலின் குறுக்கே
நான் ஒட்டிய கண்ணாடிப் பட்டை
பதினோராம் நாள் இரண்டாகியிருந்தது.
பழைய விரிசல், ஈரம், உப்பு, வயது
என்று எழுதினேன்.
அப்படித்தான் எழுதப் பழகியிருந்தேன்.
அந்த அறையில் தொட்டில் கட்டியிருந்ததை
எழுத இடமில்லை.

வெள்ளிக்கிழமை.
ஜும்ஆவுக்குச் சுத்தியல் நின்றது.
ஆண்கள் பள்ளிக்குப் போயிருந்தார்கள்.
துறையில் கிரேன் நிழலில் ஒரு நாய்.
நான் வாசலில் தயிர்சாதத்தைப் பிரிக்கும்போது
கருவி கத்தியது.
நான்கு புள்ளி ஆறு.
ஐந்து புள்ளி இரண்டு.

உள்ளே ஓடினேன்.
ஜொகரா நாச்சியா அம்மிக் குழவியை
இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிக்
கல்தரையில் போட்டுக்கொண்டிருந்தார்,
அதிர்வுமானிக்கு ஒரு சாண் தள்ளி.
முக்காடு தோளில் கிடந்தது.
என்னைப் பார்த்துவிட்டு
இன்னும் ஒருமுறை போட்டார்.
"தாண்டிருச்சா?"

தாண்டியிருந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில்
காரணம் என்று ஒரு கட்டம், பெருவிரல் அகலம்.
பைலிங் என்றால் பொய்.
வீட்டு வேலை என்றால், பொய்யில்லை,
ஆனால் கை ஓடவில்லை.
குடியிருப்பவர் என்று எழுதினேன்.

பொறியாளர் உடனே கூப்பிட்டார்.
"என்ன ஞானசெல்வி, குடியிருப்பவர்னு போட்டிருக்க?
அது ஒரு காரணமா?"
நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே
இரண்டேகாலுக்குச் சுத்தியல் இறங்கியது.
தரையில் கிடந்த குழவி
தானாக அரை விரற்கடை உருண்டது.

திரையில் இரண்டு புள்ளி ஒன்பது.
அவர் குழவியைப் பார்த்தார்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.