முட்டைப் பதிவேடு

மன்னவனூருக்கு மேலே
பூண்டுக் காட்டை ஒட்டி எங்கள் பள்ளி.
பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஆசிரியர் இருவர்,
பதிவேடுகள் நாற்பத்து மூன்று.

ஒன்பதரைக்குள் வருகையை ஏற்றியாக வேண்டும்.
சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேல்தான் கிடைக்கும்.
ஏறி நின்று கையைத் தூக்கிப் பிடித்தபடி
எமிஸ் சுற்றிச் சுற்றி யோசிப்பதைப் பார்த்திருப்பேன்.
கீழே வகுப்பு தன்னைத்தானே நடத்திக்கொள்ளும்.

பவுனம்மா வரவில்லை. ஏன் என்று கேட்கும் செயலி:
காய்ச்சல், திருவிழா, இடப்பெயர்வு, இதர.
ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு நின்றதற்கு
அதில் இடமில்லை.
இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு
'இதர'வால் வராதவர்களே அதிகம்.

மதியம்
வந்த முட்டை, உடைந்த முட்டை,
கழிப்பறைப் படம், கை கழுவும் படம்,
கை கழுவியதைப் பாராட்டி
மேலாண்மைக் குழுவின் தீர்மானம்.
கையெழுத்துக்கு ஆள் தேடி
உருளைக்கிழங்குப் பாத்திவரை நடந்திருக்கிறேன்.

போன புதன்கிழமை ஆணை வந்தது.
இருபத்தாறு பதிவேடுகள் இனி வேண்டாமாம்.
அமலோற்பவம் அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்:
"முட்டைக் கணக்கும் போச்சா டீச்சர்?"
முட்டைக்கு இரண்டு இருந்தது அக்கா,
இனி ஒன்று போதுமாம்.
நீக்கியவற்றின் பட்டியலை
இரு பிரதிகளில் அனுப்புக என்று கடைசிப் பத்தி.
அனுப்பினேன். சிரிப்பு வரவில்லை, பழகிவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு
என் கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன.
அந்நேரம் வெயில் கரும்பலகையின் எந்த மூலையில் விழும் என்று
எட்டு வருடமாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

குழந்தைவேலுவைக் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பு.
படி என்றேன்.
மரங்கொத்தி, மழை, கிழிந்த குடை,
முற்றுப்புள்ளிக்குக்கூட நின்று நின்று படித்தான்.
கை தவறி
இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.
அங்கே இல்லாத பக்கத்தை
அவன் வாசித்துக்கொண்டே போனான்.

வாசிப்புத் திறன் பதிவேட்டில்
ஜூன் முதல் ஜனவரி வரை
எட்டுக் கட்டத்திலும் அவனுக்குச் 'சரளம்'.
என் கையெழுத்து.
மேலே யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

புத்தகத்தை மூடினேன்.
அவனுக்கு மனப்பாடம் ஆகாத எழுத்து வேண்டும்.
கழித்துப் போட்ட கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவினேன்.
'மு' என்றான். வெகுநேரம் அங்கேயே நின்றான்.
மேகம் வராந்தாவில் ஏறி
செருப்புகளை மறைத்தது.
"ட்"
அப்புறம் விரலை எடுத்துவிட்டான்.
"இந்தக் கொம்பு மட்டும் ஏன் டீச்சர்
முன்னாடியே வந்து நிக்குது?"
எனக்குத் தெரியாது என்றேன்.
அது நிற்கும், நீ சுற்றிப் போ.

சுற்றிப் போனான்.
"முட்டை!"
சொல்லிவிட்டு
அட்டையைத் திறந்து உள்ளே பார்த்தான்.
எண்கள்தான் இருந்தன.

அடுத்த சொல் 'பதிவேடு'.
அதிலும் ஒரு கொம்பு முன்னால் வந்து நிற்கிறது.
மணி நான்கு. நாளைக்கு.